அண்ணாச்சியின் யானை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி குடோனில் எனக்குப் பதினோரு வருஷமாக ஸ்டோர் கீப்பர் உத்தியோகம். அங்கே ஃபோர்க் லிஃப்ட் ஓட்டுகிறவர் திருநெல்வேலிக்காரர். முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வண்டிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'யானை'.

பெயர்ப் பொருத்தம் பிரமாதம்! இரண்டரை டன் தூக்குகிற அந்த வண்டி, சும்மா நிற்கும்போதே ஏறக்குறைய நாலு டன். முன்னால் தந்தம் மாதிரி இரண்டு இரும்புப் பட்டைகள். பின்பக்கம் முழுக்கக் கனத்த இரும்பு. முன் சக்கரத்தை நடுவில் வைத்து சீசா ஆடுகிற கணக்குதான். ஸ்டீரிங்குக்குத் திரும்புவதோ பின் சக்கரம்.

"யானை திரும்பும்போது தந்தத்தை மட்டும் பார்த்து ஒதுங்காதலே. வால்தான் வீசி அடிக்கும்" என்பார் புதுப் பையன்களிடம்.

சரிவில் சரக்கோடு இறங்கும்போது ரிவர்ஸில்தான் வருவார். சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கணுமாம். நிறுத்தினால் தந்தம் தரையைத் தொட வேண்டும், சாவி அவர் பாக்கெட்டில். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. (பூஜையை விமரிசையாகப் போட்டுவிட்டு, சீட் பெல்ட்டை சீட்டுக்கு அடியில் சுருட்டி வைக்கிற பக்தர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்!)

போன மாதம் கண்டெய்னரில் ஒரு மெஷின் வந்தது. பெட்டியின் எடை இரண்டு டன், நீளம் இரண்டு மீட்டர். கதவு வழியே நீளவாக்கில்தான் எடுக்க முடியும். அண்ணாச்சி லேசாகத் தூக்கிப் பார்த்தார். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. உடனே இறக்கிவிட்டார்.

"இரண்டரை டன் வண்டி, ரெண்டு டன் பெட்டி. என்னய்யா பயம்? ரெண்டு பசங்களைப் பின்னால ஏத்தி உட்கார வை" என்றார் சூப்பர்வைசர். கண்டெய்னருக்கு வாடகை ஏறிக்கொண்டிருந்த கவலை அவருக்கு.

அண்ணாச்சி வண்டியை அணைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் காண்ட்ராக்ட் ஆள். வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம் வேறு. பின்னாலேயே ஓடி, "ஏன் அண்ணாச்சி வம்பு?" என்றேன்.

"முன்னே வேலை பார்த்த இடத்துல ஒரு சின்னப் பையன், சரிவுல குறுக்கே திருப்பிட்டான் சார். வண்டி சாய்ஞ்சுது. பயந்து குதிச்சான். தலைக்கு மேல கம்பிக் கூரை இருக்குல்லா, அது அவன் மேலயே விழுந்துட்டு. பெல்ட்டைப் போட்டு, ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிச்சு உள்ளயே இருந்திருந்தா பிழைச்சிருப்பான். பெல்ட்டே இல்லாம பின்னால உட்காருற பசங்க எதைப் பிடிப்பாங்க?"

டீ ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் வாடகைக்கு ஐந்து டன் வண்டி வந்து பெட்டியை இறக்கியது. மறுநாளே அண்ணாச்சிக்கு மெமோவும் வந்தது. பதில் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தார்.

வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் போய்ப் படித்தேன். இரண்டரை டன் என்பது, சுமையின் நடு தந்தத்தின் அடியிலிருந்து 500 மில்லிமீட்டரில் இருந்தால் மட்டும். அந்தப் பெட்டிக்கு அது 1000. தள்ளிப் போகப் போக, தூக்கும் சக்தி குறையும்.

தகட்டைப் போட்டோ எடுத்து இணைத்து, நடந்ததை நாலு வரியில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். மூன்று வாரமாகிறது, மேலிடத்திலிருந்து மூச்சு இல்லை. சூப்பர்வைசர் மட்டும் நேற்று அந்தத் தகடு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.