பத்து நிமிஷம் கூட

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். அப்பா வைத்தது. அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. குத்தம்பாக்கத்தில் பஸ் ஏறிப் பூந்தமல்லி, அங்கே மாறி அம்பத்தூர். முதல் பஸ்ஸை விட்டால் ஷிஃப்ட் போச்சு. கடிகாரம் பொய் சொல்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதைப் பார்த்துத்தான் பதறுவோம்.

2016 மே மாதம் '24' வந்தபோது அப்பாவும் நானும் சேர்ந்து போனோம். விக்ரம் குமார் படம், சூர்யாவுக்கு மூன்று வேடம். அதில் ஒருவன் மணி, வாட்ச் ரிப்பேர் பண்ணுகிறவன். அவன் கைக்கு வரும் வாட்ச் 24 மணி நேரத்துக்குள் முன்னும் பின்னும் கொண்டுபோகும், நேரத்தை நிறுத்தவும் செய்யும். மழை அப்படியே அந்தரத்தில் நிற்கும். அப்பா என் காதருகே குனிந்து, "இது இருந்தா நான் பஸ்ஸ நிறுத்தி வச்சிருப்பேன்" என்றார். அவர் கற்பனை எப்போதும் அவ்வளவுதான்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. மணி நேரத்தை நிறுத்துவது பெரும்பாலும் விளையாட்டுக்கு, காதலிக்கிற பெண்ணிடம் வித்தை காட்டுவதற்கு. துக்கம் வேறு பக்கம் இருக்கிறது. பெற்றவர்களை இழந்ததே தெரியாமல் வளர்ந்தவன் அவன். அந்தக் கணக்கைத் தீர்க்க 24 மணி நேரம் போதாமல் 26 வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நிறுத்துவதையும் இழப்பதையும் படம் ஒரே இடத்தில் வைக்கவில்லையே என்று அன்றைக்குத் தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது.

சில வருடத்தில் அப்பா போய்விட்டார். விடியற்காலை, நெஞ்சு வலி. தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. 108க்கு அடித்தேன். வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

தெருக்கோடியில் இருக்கும் பெரியப்பா அம்மாவின் சத்தம் கேட்டு ஓடிவந்தார். வாசற்படியில் நின்று சுவரைப் பார்த்து, "ஆறு பன்னெண்டு" என்றார். அந்த நேரத்தைத்தான் ஜோசியருக்குச் சொன்னார். பாம்புப் பஞ்சாங்கத்தில் அன்று தசமி காலை 6.07 வரை. அதற்கப்புறம் ஏகாதசி. அண்ணன் துபாயிலிருந்து வர வேண்டும் என்று மறுநாள்தான் எடுத்தோம். ஏகாதசி மரணம், துவாதசி தகனம். வந்தவர்கள் எல்லோரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்கள். "எத்தன பேருக்கு இது கிடைக்கும்?" மூன்றாம் நாள் அம்மா முதல்முறையாக ஒரு வாய் கஞ்சி குடித்தாள். "புண்ணியம் பண்ணவரு" என்றாள்.

என் போனில் 108க்கு அடித்த கால் இருந்தது. 6.04. அப்போதே அப்பா இல்லை. அவர் போனது தசமியில்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வருடா வருடம் ஏகாதசியில் படையல் போடுகிறோம். அதற்கு முந்தின நாள், அம்மா வாழை இலைக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் மொட்டை மாடிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

2022 செப்டம்பரில் 'கணம்' வந்தது. ஸ்ரீகார்த்திக் இயக்கியது. தனியாகப் போய்ப் பார்த்தேன். அம்மாவை இழந்த ஒருவன் 1998க்குத் திரும்பிப் போகிறான், அமலாதான் அம்மா. விதியை மாற்ற முடியாது. அவள் இறக்கத்தான் செய்கிறாள். ஆனால் அவள் சமையலறையில் நிற்பதை இன்னொரு முறை பார்த்துவிடுகிறான். பக்கத்து சீட்டில் ஒரு பையன் விசும்பி விசும்பி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, பொறாமைதான் வந்தது. எனக்கு இருபது வருடமெல்லாம் வேண்டாம். 6.02லிருந்து 6.12 வரைக்கும் இருக்கிற அந்தப் பத்து நிமிஷம் போதும். எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பத்து நிமிஷம் அது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் யோசித்திருக்கிறேன், பி.எஸ்சி. இயற்பியல் படித்த பாவத்துக்கு. நேரம் நின்றால் ஒளியும் நின்றுவிடும். ஒளி வந்து கண்ணில் படாவிட்டால் எதுவும் தெரியாது. மணி நிறுத்திய மழையை மணியால் பார்த்திருக்கவே முடியாது, இருட்டுதான். அப்பாவை நிறுத்தி வைத்திருந்தாலும் எனக்கு அப்படித்தான்.

எது சரியான நேரம் என்று தேடிக்கொண்டே போனதில் இன்னொன்று கிடைத்தது. 1802இல் மெட்ராஸ் வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் என்பவர் இந்த ஊருக்கு ஒரு நேரம் கணக்கிட்டார். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் முன்னால். ரயில்கள்கூட வெகு காலம் அந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. அதாவது மெட்ராஸ் கடிகாரத்தை யாரோ சுமார் ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார்கள். குத்தம்பாக்கம் இன்னும் கொஞ்சம் மேற்கே. சூரியக் கணக்கில் இங்கே கிட்டத்தட்ட பத்து நிமிஷம். அப்பா செய்ததை அரசாங்கம் அவருக்கு முன்னாலேயே செய்திருக்கிறது. இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் சிரித்தேன். அவரிடம் சொல்லியிருந்தால், "அப்ப இருவது நிமிஷம் வச்சிருக்கலாம் போலிருக்கே" என்றிருப்பார்.

இப்போது எங்கள் ஊரிலேயே பெரிய பஸ் நிலையம். ஊர்ப் பேச்செல்லாம் அதுதான்.

போன மாதம் கடிகாரம் நின்றுவிட்டது. செல் தீர்ந்துபோச்சு. புதுசு வாங்கிவந்து ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒரு கையில் போன், ஒரு கையில் கடிகாரம். போனில் 7.20. முள்ளைத் திருகி 7.20இல் கொண்டுவந்து வைத்தேன். அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன்.

அம்மா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "ஏண்டி, பத்து நிமிஷம் கூட வச்சியா?" என்றாள்.

"இல்லம்மா."

"வை."