சிறிய வேடம்

நாம் பெரிதும் போற்றும் நடிகர் ஒருவர், தமது ஆற்றலுக்கு ஈடாகாத ஒரு சாதாரணக் குடும்ப நகைச்சுவைத் தொடரில் சில நிமிடங்கள் வந்து போவதைக் காணும்போது, நம் மனம் துணுக்குறுகிறது. ‘இவருக்கா இந்த நிலை?’ என்னும் கேள்வி நம்மையறியாமலே எழுகிறது. அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும் அது சரியான கேள்வியா என்பதைச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பஸ்டர் கீட்டனை எண்ணிப் பார்ப்போம். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் மேடையேறியவர். தாம் சிரிக்காமலே உலகைச் சிரிக்க வைத்தவர். 1928இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ என்னும் ஊமைப்படத்தில், ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுவதுமாக அவர்மீது சரிகிறது. மாடிச் சன்னலின் திறப்பு அவர் நிற்கும் இடத்தில் சரியாக வந்து பொருந்த, அவர் அசையாமல் நிற்கிறார். விழுந்தது உண்மையான சுவர்; சற்றே விலகியிருந்தால் உயிர் போயிருக்கும். அதே ஆண்டில் எம்.ஜி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். விரும்பியவாறு படமெடுக்கும் உரிமை பறிபோனது, குடிப்பழக்கமும் பற்றிக்கொண்டது, புகழ் மங்கியது.

முப்பது ஆண்டுகள் கழிந்து, 1958 டிசம்பர் 24 அன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி டோனா ரீட் ஷோ’ என்னும் தொடரில் அவர் தோன்றினார். மருத்துவரான கணவர், பொறுப்புள்ள மனைவி, இரண்டு பிள்ளைகள். எழும் சிக்கல் எதுவாயினும் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். மாபெரும் கலைஞர் ஒருவரின் திறமைக்கு அங்கே பெரிய தேவை ஏதும் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவின் கடைவீதிப் பரபரப்பில் சலித்துப்போன குடும்பத் தலைவிக்கு, விழாவின் பொருளை மீண்டும் உணர்த்துகிறார் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர். நோயுற்ற குழந்தைகளுக்காக விழா ஏற்பாடு செய்யும் அந்தப் பணியாளராகவே கீட்டன் வந்தார். அப்போது அவருக்கு வயது 63.

இதைத் தாழ்வு என்பதா? நம் நாகேஷ் அவர்களையும் நினைத்துக்கொள்வோம். 1964இல் ‘சர்வர் சுந்தரம்’ படத்தின் கதையையே தம் தோளில் தாங்கியவர், 1994இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் ஒரு பிணமாக வந்தார். அது நல்ல படமே. ஆனால் அந்த வேடத்துக்குப் பேச ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோர் இன்றும் முதலில் நினைவுகூர்வது அந்தப் பிணத்தைத்தான்.

துப்புரவுப் பணியாளர் வேடம் என்றதும் எங்கள் ஊர்க் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, இயங்கியதை அது சொல்கிறது. மருத்துவரையும் அறுவை செய்பவரையும் குறித்ததோடு அது நின்றுவிடவில்லை. மூலிகை கொண்டு வருவோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர், நீர் கொணர்பவர் என அனைவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. அவர்கள் பெற்ற ஊதியம் ஒன்றல்ல. ஆயினும் நீர் கொணர்பவர் இல்லாமல் மருத்துவமனை இல்லை என்பதை அறிந்தே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

நம் வீடுகளிலும் வேடங்கள் மாறுகின்றன. நேற்றுவரை ஒரு குடும்பத்தையே நடத்திய தந்தை, இன்று பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார். தலைமையாசிரியராய் இருந்தவர், பங்குத் திருவிழாவில் பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறார். ‘இவருக்கா இந்த நிலை?’ என்று நாம் இரங்கும்போது, அவரை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டு அவர் கையிலுள்ள பணியைச் சிறுமைப்படுத்துகிறோம். முதுமையில் அவருக்கு எஞ்சியுள்ள மகிழ்ச்சியையும் குறைக்கிறோம்.

இரக்கம் அவருக்கு வேண்டியதில்லை. அவர் ஊற்றும் தண்ணீரை நன்றியோடு வாங்கிக் குடிப்போம், அது போதும்.