நான் குறைத்த காலடி

என்னை நம்பி வந்த ஒரு பையனின் பல்லை நான் உடைத்தேன். விபத்து என்று அன்றைக்குச் சொன்னேன். அது விபத்து இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டிருந்தேன். குட்டு வெளிப்படப்போகிறது என்று தெரிந்ததும் அடித்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி எந்த முடிவுக்கு வந்தாலும் சரி. முழுவதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் கராத்தே மாஸ்டர். சொல்லிக்கொடுப்பது கோஜு-ரியு. ஒக்கினாவாத் தீவின் நாஹா நகரத்தில் வளர்ந்த முறை. ஹிகாவோன்னா கான்ரியோ சீனாவின் ஃபூஜோவுக்குப் போய்க் கற்றுவந்ததை, அவருடைய மாணவர் மியாகி சோஜுன் ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்தினார். இந்த முறையின் உயிர் கட்டாக்களில் இருக்கிறது. கட்டா என்பது ஒருவர் தனியாகச் செய்யும், வரிசை மாறாத அசைவுத் தொடர். எதிரே ஆள் கிடையாது. ஆனால் ஒவ்வோர் அசைவும் ஓர் ஆளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. அந்த ஆளை நிஜமாகவே எதிரே நிறுத்தி, அசைவு எதற்கு என்று பார்ப்பதைப் புன்காய் என்பார்கள்.

எனக்குக் கட்டா வரும். புன்காய் வராது. அடிப்படைத் தவறு இதுதான். மற்றவையெல்லாம் இதை மறைக்க நான் செய்தவை.

கோஜு-ரியுவில் ஸைஃபா என்று ஒரு கட்டா இருக்கிறது. தொடக்க நிலை தாண்டியவர்களுக்குச் சொல்லித்தருவோம். அதன் முதல் அசைவு இப்படி: வலது காலைக் குறுக்காக முன்னால் நன்றாக எட்டி வைக்க வேண்டும். வலது முஷ்டியை இடது உள்ளங்கையால் பொத்த வேண்டும். பின்காலை இழுத்து முன்காலோடு சேர்த்து, உடலைத் திருப்பி, முழங்கையை முன்னே கொண்டுவர வேண்டும். பிறகு இடது காலைப் பின்னுக்கு வைத்து, தாழ அமர்ந்து, முஷ்டியின் பின்புறத்தால் முகத்தில் அடி. உங்கள் மணிக்கட்டை ஒருவன் பிடித்துக்கொண்டால் விடுவித்துக்கொண்டு திருப்பி அடிப்பதற்கான வழி என்று இதைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

நாங்கள் பயிற்சி செய்த இடம் ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். காலை நீட்டி வைத்தால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அந்தக் காலடியைப் பாதியாகக் குறைத்தேன். வரிசை அழகாக வந்தது. போட்டிகளில் பதக்கமும் வந்தது. அந்தக் காலடி ஏன் அவ்வளவு நீளம் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஸெய்யுன்சின் என்ற கட்டாவில் உதையே கிடையாது. தாழ அமர்ந்து மெதுவாக இழுப்பதும் அழுத்துவதும்தான் அதிகம். பார்க்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டும் என்று அதை வேகமாக்கினேன். இல்லாத இடங்களில் சத்தம் போடச் சொன்னேன். அதற்கும் கைதட்டு கிடைத்தது.

பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். எந்தக் கேள்விக்கும் நான் தெரியாது என்று சொன்னதில்லை. ஏன் மாஸ்டர் இந்த இடத்தில் திரும்புகிறோம் என்று கேட்டால், பக்கத்திலிருந்து இன்னொருவன் வருகிறான் என்பேன். கட்டா முடிவதற்குள் நாலு பக்கமும் எதிரிகளால் நிரப்பிவிடுவேன். மியாகியின் மாணவரான தோகுச்சி செய்கிச்சி, கட்டாவைப் பிரித்துப் படிக்கச் சில விதிகளை விட்டுப்போயிருக்கிறார். கட்டா போகும் கோட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது ஒன்று. எதிரி ஒருவன்தான், அவன் உங்கள் முன்னால்தான் இருக்கிறான் என்பது இன்னொன்று. அவை தேடினால் கிடைக்கக்கூடியவை. நான் தேடவில்லை. யாரிடமாவது கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பயத்தில் கேட்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். பெல்ட் கொடுக்கும் நாள். பெற்றோர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஸைஃபா செய்து முடித்தார்கள். நான் மைக்கைக் கையில் வாங்கி, இந்த அசைவு தெரிந்தால் எவ்வளவு பலசாலி பிடித்தாலும் கையை விடுவித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். பின்வரிசையில் பிரவுன் பெல்ட் கட்டிய ஒரு பையன் நின்றிருந்தான். அவன் அப்பாவுக்குக் கமிஷன் மண்டி. லீவு நாளில் மூட்டை தூக்கிப் பழகிய கை. அவன் கேட்டான்:

“மாஸ்டர், நிஜமாவே இறுக்கிப் பிடிச்சாலும் விட்டுருமா?”

அவன் என்னைச் சோதிக்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். அவன் கண்ணில் அது தெரிந்தது. தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. “வா, பிடி. என்ன ஆனாலும் விடாதே” என்றேன்.

பிடித்தான். நான் என் அரைக் காலடியை வைத்து இழுத்தேன். கை வரவில்லை. இன்னொரு முறை வெடுக்கென்று இழுத்தேன். வரவில்லை. அவன் ஆடாமல் நின்றான். கூடம் அமைதியாகிவிட்டது. நாற்காலியில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் எனக்குச் சிரிப்பாகக் கேட்டது.

அந்த இடத்தில் எனக்கு வழி இருந்தது. இது எனக்குச் சரியாக வரவில்லை, கற்றுக்கொண்டு வந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் என் மனத்தில் வந்தது. இதை நான் மறைக்க மாட்டேன். வந்தது, நான் அதைத் தள்ளினேன். தள்ளிவிட்டு, மறு கையின் முழங்கையால் அவன் வாயில் இடித்தேன்.

முன்பல் உடைந்தது. உதடு கிழிந்தது. அப்போதும் அவன் பிடியை உடனே விடவில்லை. விடாதே என்று நான் சொல்லியிருந்தேன். ரத்தம் கராத்தே டிரெஸ்ஸின் நெஞ்சில் சொட்டிய பிறகுதான் விரல்கள் தளர்ந்தன. நான் மைக்கை எடுத்து, “பார்த்தீங்களா, விட்டுருச்சு. இதுதான் புன்காய்” என்றேன். பெற்றோர்கள் கைதட்டினார்கள். பையனின் பக்கம் திரும்பி, “தலையை முன்னால கொண்டுவந்தது உன் தப்பு” என்றேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு, “ஸாரி மாஸ்டர்” என்று சொல்லி, குனிந்து வணங்கிவிட்டு வரிசைக்குப் போனான்.

அவன் அம்மா மறுநாள் வந்தார். பல் டாக்டரிடம் போய்விட்டு வந்திருந்தார். செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “இப்படித்தான் நடக்குமா சார்?” என்று மட்டும் கேட்டார். “கராத்தேன்னா அடி படத்தாம்மா செய்யும்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். பையன் வருவது நின்றது. அவனோடு வந்துகொண்டிருந்த தங்கையும் நின்றாள். ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

சேதம் அவனோடு முடியவில்லை. அன்று வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒரு பாடம் படித்தார்கள். பிடி விடாவிட்டால் முகத்தில் அடி, அதுதான் விளக்கம் என்று. அவர்களில் இருவர் இப்போது தனியாகக் கிளாஸ் எடுக்கிறார்கள். ஒருவரின் வகுப்பை நான் போய்ப் பார்த்தேன். அதே அரைக் காலடி. சின்னப் பிள்ளை ஒன்று அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவர் கை அதன் முகத்துக்கு நேராக ஓங்கியிருந்தது.

பல வருடங்கள் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒக்கினாவா ஆசிரியர் இத்தோசு அன்கோ 1908-ல் பத்துக் குறிப்புகள் கொண்ட கடிதம் எழுதி, கராத்தேயைப் பள்ளிகளில் பரப்ப வழிசெய்தார். 1922-ல் ஃபுனகோஷி கிச்சின் அதை டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். வரிசையில் நிறுத்திக் கூட்டமாகச் சொல்லித்தந்தபோதே விளக்கங்கள் உதிர்ந்துவிட்டன, என் கைக்கு வந்ததே வெறும் கூடுதான், நான் என்ன செய்ய முடியும்? இதுதான் என் சமாதானம். இதில் ஒரு பாதி வரலாறு. ஆனால் என் விஷயத்தில் அது செல்லாது. இத்தோசுவும் ஃபுனகோஷியும் ஷுரி என்ற ஊரின் வழி. நான் சொல்லிக்கொடுத்த ஸைஃபா நாஹா வழி. அந்த வழியில் காக்கியே என்ற பயிற்சி இன்றும் உண்டு. இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று, தள்ளியும் இழுத்தும் பிடித்தும் எதிராளியின் பலம் எந்தப் பக்கம் போகிறது என்று தோலாலேயே அறியும் பயிற்சி. பிடியைப் புரிந்துகொள்ள அதைவிட நேரான வழி இல்லை. என் கூடத்தில் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அதற்குப் பதக்கம் கிடையாது.

பிறகு ஒரு சமயம் நாஹாவுக்குப் போகும் வாய்ப்பு வந்தது. சிறிய டோஜோ, அதாவது பயிற்சிக் கூடம். சுவரோரம் சீ-இஷி என்னும் கைப்பிடி வைத்த கல் எடைகளும், விரல் பிடிக்கான நிகிரி-காமே ஜாடிகளும் வரிசையாக இருந்தன. அங்கிருந்த வயதான சென்செய், அதாவது ஆசிரியர், என்னை ஸைஃபா செய்யச் சொன்னார். செய்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் மணிக்கட்டை நீட்டினார். நான் இறுக்கிப் பிடித்தேன். அவர் காலை எட்டி வைத்தார். என் பக்கத்துக்கே வந்துவிட்டார். அவர் தோள் என் நெஞ்சில் பட்டது. அவர் கையை இழுக்கவே இல்லை. காலடி நீண்டதால் முழங்கை என்னை நெருங்கியது, உடல் திரும்பியதும் அந்தத் திருப்பம் முழுக்க என் கட்டைவிரல் பக்கம் வந்து விழுந்தது. கட்டைவிரல் தாங்கவில்லை. பிடி கழன்றதை நான் உணர்வதற்குள் என் கை அவருடைய இடது கைக்குக் கீழே கிடந்தது. அவருடைய முஷ்டி என் கன்னத்துக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் நின்றது. என்மேல் படவில்லை.

அடுத்து அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் இழுத்தேன். கை வரவில்லை. அவர் அடிக்கவில்லை, பேசவில்லை. காத்திருந்தார். பிறகு விரலை நீட்டி என் காலைக் காட்டினார்.

அந்தத் தீவில் 1945-ல் நடந்த போரில் பொதுமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டார்கள். மியாகி தன் பிள்ளைகளில் சிலரைப் பறிகொடுத்தார். தன் வாரிசாக எண்ணியிருந்த மாணவர் ஷின்ஸாத்தோ ஜினானையும் பறிகொடுத்தார். அதற்குப் பிறகும், 1953-ல் சாகும்வரை, மிஞ்சிய மாணவர்களை வைத்துக்கொண்டு கட்டாக்களைச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவு அழிவைத் தாண்டி வந்த ஒரு காலடியை, இடம் போதவில்லை என்று நான் குறைத்தேன்.

இத்தோடு நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. ஊருக்கு வந்ததும் அந்தச் சென்செயோடு எடுத்த போட்டோவைப் பேனரில் போட்டேன். ‘ஒக்கினாவாவில் பயிற்சி பெற்றவர்’ என்று எழுதவைத்தேன். புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். வகுப்பில் காலடியைச் சத்தமில்லாமல் திருத்தினேன். மூத்த மாணவி ஒருத்தி, முன்பு வேறு மாதிரி சொன்னீர்களே என்றாள். “அது பேஸிக். இது அட்வான்ஸ்” என்றேன். பல்லை உடைத்தது ஆத்திரத்தில். இந்தப் பொய்யை நிதானமாக யோசித்துச் சொன்னேன். இரண்டில் இதைத்தான் நான் பெரிய குற்றமாக நினைக்கிறேன்.

கடைசியில் மண்டிக்குப் போனேன். பையன் இப்போது அப்பாவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “வாங்க மாஸ்டர்” என்றான். டீ சொன்னான். பேசும்போது முன்பல் ஒன்று மற்றவற்றைவிட வெளுப்பாகத் தெரிந்தது. கட்டிய பல். அன்றைக்குத் தப்பு என்மேல்தான், எனக்கு அந்த அசைவே தெரியாது என்றேன்.

“தெரியும் மாஸ்டர். ரெண்டாவது வாட்டி இழுத்தீங்கள்ல, அப்பவே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏம்ப்பா விடல?”

“நீங்கதானே விடாதேன்னீங்க.”

மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் இல்லை என்று சொல்லமாட்டான். அவன் மரியாதை தெரிந்த பையன். அந்த மரியாதையை ஒருமுறை பயன்படுத்திக்கொண்டது போதும். அவன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் இல்லை, போன வருடம் தவறிவிட்டார் என்றான். அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் அப்படியே நிற்கிறது.

பேனரை இறக்கிவிட்டேன். என்னிடம் ஸைஃபா கற்றவர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் காலடி தப்பு. நாலு பக்கமும் எதிரி என்று சொன்னது தப்பு. புன்காய் என்று அன்று கூடத்தில் காட்டியது அடிதடி. உங்களிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். திருத்திக்கொள்ள வருகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், கட்டணம் கிடையாது. வந்து என் கையைப் பிடியுங்கள். கை வராவிட்டால் வரவில்லை என்று சொல்கிறேன்.