கைவிட்ட குழாய்



மூன்று மனிதர்களை 6,000 மீட்டர் ஆழத்திற்கு இட்டுச் செல்வதற்காக 'மத்ஸ்யா 6000' என்னும் கலத்தைச் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கி வருகிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதனை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அச்செய்தியைச் சிங்கப்பூரிலிருந்து பெரியம்மா மகன் எனக்கு அனுப்பியிருந்தார். கீழே ஒரு கேள்வி: "நம்முடையது என்னவாயிற்று, தம்பி?"

மீமிசலை அடுத்த எங்கள் சிற்றூரில், 1986 கோடை விடுமுறையில், நாங்கள் இருவரும் ஒரு நீர்மூழ்கி செய்தோம். அண்ணனுக்கு 13 வயது, எனக்கு 10. டீசல் பீப்பாய், கம்பியால் கட்டிய மூடி, இடுக்குகளில் தார், பார்ப்பதற்கு ஒரு கண்ணாடித் துண்டு, மூச்சுக்குச் சைக்கிள் டியூப். 200 லிட்டர் பீப்பாயை அமிழ்த்த ஏறத்தாழ 200 கிலோ எடை வேண்டும் என்பதை நாங்கள் அறியவில்லை. அது மிதந்தது. கருங்கற்களைக் கட்டித் தொங்கவிட்டோம்.

டியூபின் முனையைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருப்பது என் பொறுப்பு. பீப்பாய் திடீரெனச் சரிந்து கண்மாயின் ஆழத்திற்கு உருண்டது. தண்ணீர் என் கழுத்தைத் தொட்டதும் குழாயைக் கைவிட்டுக் கரைக்கு ஓடினேன். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர் பாய்ந்து, பீப்பாயைக் கரைக்கு உருட்டி, மூடியைப் பிய்த்தெறிந்தார். அண்ணன் இருமினார், உயிர் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

"டியூப் வழுக்கிவிட்டது" என்று வீட்டில் சொன்னேன். அனைவரும் நம்பினர்.

மத்ஸ்யாவில் மனிதர் அமரும் கோளம் 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியத்தால் ஆனது, உள்விட்டம் 2.1 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் கூடும் அழுத்தம், அந்த ஆழத்தில் 600 மடங்காகிறது. 12 மணி நேரப் பணிக்கும், ஆபத்து நேர்ந்தால் 96 மணி நேரத்திற்கும் உயிர்காக்கும் ஏற்பாடு உண்டு. அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஜார்ஜ் கிட்ரெட்ஜ் வடிவமைத்த, ஒருவர் மட்டும் அமரும் 'கே-250' 250 அடி ஆழம் செல்வதற்கானது. இக்கலங்கள் தொட்டிகளில் நீரை ஏற்று மூழ்குகின்றன. உள்ளிருப்பவரின் மூச்சு, மேலே நிற்கும் ஒரு சிறுவனின் கையில் இல்லை.

இறைவனுக்குச் செய்த பிழையை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழைக்கு அம்மனிதனிடமே பொறுப்புக் கேட்க வேண்டும் என மதரஸாவில் கற்றவன் நான். ஆயினும் 39 ஆண்டுகள் கேட்கவில்லை. அன்றிரவு தொலைபேசியில் அழைத்தேன்.

"பீப்பாயை இரண்டாக அறுத்துப் பெரியம்மா ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக்கினார், துருப்பிடித்தபின் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்" என்றேன். பிறகு, "அண்ணே, டியூப் வழுக்கவில்லை" என்றேன்.

"தெரியும். கண்ணாடி வழியாக நீ ஓடியதைப் பார்த்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் உன் அத்தா உன்னை அடித்திருப்பார். நீயும் சிறுபிள்ளைதானே? நான் அன்றே பொறுத்துவிட்டேன்."

என்னால் பேச இயலவில்லை. அவர் பொறுத்தது எனக்குத் தெரியாமலேயே அத்தனை ஆண்டுகள் நான் அதனைச் சுமந்திருக்கிறேன்.

உங்களுக்கும் அப்படியொரு கடன் இருப்பின், அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பிழைகளையும் பொறுத்தருள்வானாக. ஆமீன்.