தியாகதுர்க்கமும் நெப்போலியனும்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சியைக் கடந்து கிழக்கே செல்வோர் தியாகதுர்க்கத்துப் பாறைக்கோட்டையைக் காணாமல் போக முடியாது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இக்கோட்டை, 1761-ல் புதுச்சேரி வீழ்ந்ததும் இங்கிலீஷ்காரர் கைக்கு மாறிற்று. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1769 ஆகஸ்டு 15-ல், நெப்போலியன் பிறந்தான்.

1790-ல் திப்பு சுல்தான் தாக்கியும் இக்கோட்டை பணியவில்லை. அந்தத் திப்புவுக்கே, இங்கிலாந்தின் தளையை அறுக்க வருவதாக 1799 ஜனவரியில் எகிப்திலிருந்து நெப்போலியன் கடிதம் வரைந்தான். கடிதம் வழியிலேயே பகைவரிடம் சிக்கிற்று. மே 4-ல் திப்பு மாண்டான். சக்கரவர்த்தியாகி ஐரோப்பாவை நடுங்கவைத்த நெப்போலியனும் 1821-ல் செயின்ட் ஹெலினாத் தீவில் கைதியாகவே இறந்தான்.

அவன் படை வந்திருந்தால் நமக்கு விடுதலை கிட்டியிருக்குமோ? புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் 1954-ல்தான் விட்டனர். எஜமானர் மாறியிருப்பார், அவ்வளவே. 1947-ல் அவன் பிறந்த அதே ஆகஸ்டு 15-ல் பாரதம் விடுதலை பெற்றது. எந்தச் சக்கரவர்த்தியின் தயவினாலும் அன்று.