மண்டியும் மண்டையும்

மைசூரில் பேட்டைகளை மொஹல்லா என்றே வழங்குவர். மண்டி மொஹல்லா சரக்கு மண்டிகளாற் பெயர் பெற்றது. அருகிலுள்ள லஷ்கர் மொஹல்லாவின் பெயரிலோ படை இருக்கிறது. மண்டி நமக்கும் பழகிய சொல்லாதலின், புதிதாகக் குடியேறும் தமிழர்க்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றுவதில்லை. கன்னடர் தலையை 'மண்டெ' என்பதும் அவ்வாறே.

ஒரு மாலை மூட்டைகளுக்கும் வண்டிகளுக்கும் இடையே வழிதேடி நடக்கையில், உடன் வந்த தம்பி மகன் கேட்டான்: "பெரியப்பா, மொஹெஞ்சதாரோவில் நம் முன்னோரை ஆரியர் வெட்டிக் கொன்றார்களாமே, மெய்தானா?"

நம் இல்லங்கள் பலவற்றில் வழங்கும் கதைதான். அந்நகரின் தெருவிலும் படிக்கட்டிலும் கிடந்த எலும்புக்கூடுகளைச் சான்றாகக் கொண்டு, 1947இல் மார்ட்டிமர் வீலர் அவ்வாறு எழுதினார். (கர்நாடகத்துப் பிரம்மகிரியை அவர் அகழ்ந்ததும் அதே ஆண்டில்தான்.) 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் அதனை மறுத்தார். அவ்வுடல்கள் ஒரே காலத்தன அல்ல. கோட்டைப் பகுதியிலோ ஓர் உடலும் கிடைக்கவில்லை. பின்னர்க் கென்னத் கென்னடி மண்டையோடுகளை மீண்டும் சோதித்தார். வெட்டுக்காயம் எனப்பட்டவற்றுள் மிகச் சிலவே மெய்யான காயங்கள்; அவற்றிலும் ஒன்று ஆறத் தொடங்கியிருந்தது. அடிபட்டவர் அன்றே மாளவில்லை என்பது இதனாற் புலனாகும்.

ஆறிய காயத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். உயிருள்ள எலும்பில் ஆயுதம் பட்டால் விரிசல்கள் அவ்விடத்தினின்று கதிர்போற் பரவும். உடைந்த முகமும் ஓட்டின் நிறத்தையே கொண்டிருக்கும். உலர்ந்தபின் மண்வெட்டி பட்டு உடைந்ததாயின் விளிம்பு வெளுத்துக் காட்டும். அகழ்வோரின் கருவியே பழங்கொலைக்குப் பொய்ச்சான்று ஆகிவிடக்கூடும்!

இதனால் அக்காலத்தார் அனைவரும் சாந்தசீலர் என்று கொள்வதற்கும் இல்லை. ஹரப்பாவின் மண்டையோடுகளில் அடிபட்ட வடுக்கள் உண்டென்றும், நகர வாழ்வு குலைந்த பிற்காலத்தில் அவை மிகுந்தன என்றும் 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அங்கும் அடித்தவர் அயலார் என்பதற்கு எலும்பிற் சான்றில்லை. அண்டை வீட்டாராகவும் இருக்கலாம். இதைச் சொன்னபோது பையனுடைய முகம் வாடியது. பகைவர் இல்லாத கதை அவனுக்குச் சுவைக்கவில்லை போலும்.

நம் ஊருக்கு அருகே, காவிரியும் கபிலையும் கூடும் திருமகூடல் நரசிபுரத்திலும் புதிய கற்கால மக்களின் எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பேருந்தில் சென்று மீள ஒரு பகல் போதும். வரும் ஞாயிறன்று அவனையும் அழைத்துச் செல்கிறேன்.