நல்லாத்தானே இருக்காங்க!

மறதி நோய் உள்ளவரைப் பார்க்க வரும் உறவினர்கள் பெரும்பாலும் காலை பதினோரு மணிக்குத்தான் வருவார்கள். அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, குளித்து, தலைசீவி, திருநீறு பூசி, இட்லி சாப்பிட்டுவிட்டு வெளிச்சம் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. "வாங்க, எப்ப வந்திய? பிள்ளைய எல்லாம் சொகமா? காப்பி போடச் சொல்லட்டா?" ஒரு சொல் பிசகாது. தான் யாரென்று அத்தைக்குத் தெரியவில்லை என்பது வந்தவருக்குக் கடைசிவரை தெரியாது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொல்வார்: "நல்லாத்தானே இருக்காங்க!"

அத்தை நடிக்கவில்லை. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் கைவைப்பது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில். புதிய நினைவுகள் பதிவாவதற்கு அது வேண்டும். அதனால்தான் காலையில் தின்ற இட்லி மறந்துபோகிறது. ஐம்பது அறுபது வருடம் விருந்தாளிகளை உபசரித்துப் பழகிய வாய்க்கு அந்தப் பகுதியின் தயவு தேவையில்லை. டாக்டரிடமே இந்த உபசாரம் கொஞ்ச நேரம் செல்லுபடியானது. மூன்று பொருள்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்டார். "என்ன டாக்டரே, பள்ளிக்கூடமா நடத்துதிய?" என்றார் அத்தை. அறையே சிரித்தது. பதில் மட்டும் வரவில்லை. பி12 குறைபாடு, தைராய்டு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் இப்படித் தோற்றம் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்த பிறகே நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரைகள் உண்டு. சிலரைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது.

பார்க்க வருகிறவர்கள் மாலையில் வர வேண்டும். பொழுது சாயும்போது அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிடுவார். "நேரமாயிட்டு, எங்க வீட்டுக்குப் போவணும்." அவர் மருமகளாக வந்து இறங்கிய வீடு இதுதான். அவர் போக நினைப்பதோ தாமிரபரணிக் கரையில் எப்போதோ விற்றுவிட்ட பிறந்த வீட்டுக்கு. இதுதான் உங்க வீடு என்று சாதித்தால் அழுகைதான் மிஞ்சும். "காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்றால் உட்காருவார். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிட்டால் பாதித் தொல்லை குறையும். நிழல்கூட அவருக்கு ஆள்தான். ஒருமுறை இரண்டே நாளில் நிலைமை தலைகீழானது. நோய் முற்றிவிட்டது என்று வீடே பயந்தபோது, டாக்டர் முதலில் சோதிக்கச் சொன்னது சிறுநீரை. தொற்றுக்கு மருந்து கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்தார்.

இதையெல்லாம் தாங்கிவிடலாம். தாங்க முடியாதது வளையல்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று அதைக் கழற்றி ஒளித்துவைப்பார். ஒளித்தது மறந்துவிடும், வளையல் இருந்தது மறக்காது. அந்த இடைவெளியை மனம் ஒரு திருடனைக் கொண்டு நிரப்புகிறது. திருடன் யார்? எப்போதும் பக்கத்தில் இருப்பவர். இந்தப் பழி புதிதும் அல்ல. 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அகஸ்டே என்ற 51 வயதுப் பெண்ணைப் பற்றித்தான் அலோய்ஸ் அல்சைமர் 1906இல் டாக்டர்கள் கூட்டத்தில் பேசினார். அவர் குறித்துவைத்த முதல் அறிகுறி மறதியே அல்ல, கணவர் மீது அந்தப் பெண்ணுக்கு வந்த சந்தேகம். நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே, கூட இருந்தவருக்குப் பழி வந்துவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.

அத்தை சொல்வதில் வருத்தமில்லை. அதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் என் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கிறார்களே, அதில்தான். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய்கள் இருப்பதாக மதிப்பிட்டது. ஒவ்வொருவருக்கும் பின்னால் இப்படிப் பார்க்கப்படும் ஒருவராவது இருப்பார். 'ஓ காதல் கண்மணி' படத்தில் பிரகாஷ் ராஜ் மறதி நோய் வந்த மனைவியைப் பார்த்துக்கொள்வது அழகுதான். ஆனால் எனக்குத் தெரிந்த வீடுகளில் அந்த வேலை மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோதான் விழுகிறது. "மகன் நல்லா பாத்துக்கிடுதான்" என்று ஊர் சொல்லும்போது என் கணவருக்கே கூச்சமாக இருக்கும்.

ஆகவே பழமும் ஹார்லிக்ஸும் வேண்டாம். ஓர் இரவு தங்குங்கள், நாங்கள் தூங்கிக்கொள்கிறோம். இதை வெளிப்படையாகவே கேட்க ஆரம்பித்தேன். "நல்லாத்தானே இருக்காங்க" கட்சியின் தலைவியான என் நாத்தனார், நாங்கள் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போக வேண்டியிருந்தபோது வந்து தங்கினாள். நள்ளிரவில் போன் வந்தது.

"மதினி, வளையலக் காணோமாம். நான்தான் எடுத்துட்டேன்னு சொல்லுதா. பெத்த பிள்ளயப் பாத்து!"

"அரிசி டிரம்முக்குள்ள கையவிட்டுப் பாரு," என்றேன். "அங்க இல்லேன்னா தலகாணி உறைக்குள்ள."